இன்றைக்கு என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள்: செனகல் உணவகம், வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் வெளிநாட்டு அக்கம்பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதும்போது, "தெருவில் செனகல் உணவகம் இருந்தால் விட்டுவிடாதீர்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலைப் பற்றிய அந்த ஒரு வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. நியூயார்க், பாரிஸ் வாசகர்கள் எழுதியதையெல்லாம் சேர்த்து இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நியூயார்க், ஹார்லெம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு செனகல் கடை இருக்கிறது. மெனுவில் முப்பது நாற்பது ஐட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் இரவு எட்டு மணிக்குப் போய் எதைக் கேட்டாலும் "முடிந்துவிட்டது" என்கிறார்கள். இவர்களுக்கு வியாபாரம் செய்ய விருப்பம் இல்லையா?

விருப்பம் நிறையவே இருக்கிறது, நீங்கள் போகும் நேரம்தான் சரியில்லை. செனகல்காரர்களுக்குப் பெரிய சாப்பாடு மதியச் சாப்பாடு. காலையிலேயே பானை ஏற்றி, ஒரு மணி, ஒன்றரை மணிக்கு இறக்குவார்கள். செபு ஜென் என்கிற மீன்சோறு, கறி போட்ட செபு யாப், நிலக்கடலைக் குழம்பு மாஃபே, வெண்டைக்காயும் செம்பனை எண்ணெயும் சேர்த்த சூப்பு காஞ்ஜா, இவை எல்லாம் ஒரே பெரிய பானையில் அன்றைக்கென்று சமைப்பவை. மூன்று மணிக்கு மேல் பானை காலியாகிவிட்டால் திரும்ப ஏற்ற மாட்டார்கள். ஏற்றவும் முடியாது, அது இரண்டு மூன்று மணி நேர வேலை. சாயங்காலத்துக்கு மேல் அடுப்பு மாறிவிடும், தணலில் சுட்ட ஆட்டுக்கறி, சுட்ட மீன், கோழி, வெங்காயச் சாறு போட்ட யாஸா என்று போகும்.

அதனால் அந்த மெனு அட்டையை ஒரு வாரத்தில் அந்த அடுப்பில் என்னென்ன வரக்கூடும் என்கிற பட்டியலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் அட்டையைக் கேட்காமல் "இன்றைக்கு என்ன சமைத்தீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டோ மூன்றோ பெயர் சொல்வார்கள். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையைப் பார்த்து நீங்களாகத் தேர்ந்தெடுத்து, அது ஃப்ரீசரிலிருந்து வெளியே வந்து உங்கள் தட்டுக்கு வருவதைவிட இது எவ்வளவோ மேல். சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் டாக்சி ஓட்டுகிறவர்கள், கடை வைத்திருக்கிறவர்கள், தலைமுடி பின்னும் கடைகளில் வேலை செய்யும் பெண்கள் என்று எல்லாரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். 116வது தெருவைச் சுற்றியிருக்கும் அந்தப் பகுதிக்கு "குட்டி செனகல்" என்ற பெயரே உண்டு. 1980களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் தங்களுக்காக நடத்த ஆரம்பித்த சாப்பாட்டுக் கடைகள் அவை. வெளியாள் வந்து ரசிக்கட்டும் என்று அலங்கரித்து வைத்தவை அல்ல, சாப்பாடு நன்றாக இருப்பதற்கு முதல் காரணமே அதுதான் என்பது என் எண்ணம்.

ஜெர்சி சிட்டியிலிருந்து ஒரு வாசகர்: நண்பர் சொன்னாரே என்று செபு ஜென் வாங்கினேன். சோறு முழுக்க உடைந்த அரிசி, நொய். எண்ணெயும் அதிகம். மட்ட அரிசியைப் போட்டு ஏமாற்றுகிறார்களோ என்று தோன்றியது. உண்மை என்ன?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப்போகிறேன், ஏனென்றால் செனகல் சாப்பாட்டின் கதையே அந்த நொய்யில்தான் இருக்கிறது.

ஏமாற்றவில்லை. நல்ல முழு அரிசி பக்கத்துக் கடையிலேயே கிடைத்தாலும் செனகல் சமையல்காரர் நொய்யைத்தான் தேடிப்போய் வாங்குவார். மீன், காய்கறி வெந்த சாறு முழுவதையும் அந்தச் சிறு சிறு மணிகள் உறிஞ்ச வேண்டும், அதுதான் இந்தச் சோற்றின் குணம். நீள அரிசி போட்டால் சாறு வெளியே நிற்கும், சோறு தனியாக நிற்கும்.

நொய் எப்படி அங்கே போனது? பிரெஞ்சுக்காரர்கள் செனகல் ஆற்றின் முகத்துவாரத்தில் 1659ல் சான் லூயி என்ற ஊரை நிறுவினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நாட்டு விவசாயத்தை நிலக்கடலைப் பக்கம் திருப்பினார்கள், பிரான்சின் எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கடலை தேவைப்பட்டது. கம்பும் சோளமும் விளைந்த நிலத்தில் கடலை ஏறியது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது? தங்கள் ஆட்சியில் இருந்த இந்தோசீனாவிலிருந்து (இன்றைய வியட்நாம் பக்கம்), ஆலையில் உடைந்து மலிவாகக் கிடந்த நொய்யைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். தள்ளிவிடப்பட்ட பண்டம்தான். ஆனால் சான் லூயி பெண்கள் அதை வைத்து ஒரு நாட்டின் தேசிய உணவையே சமைத்துவிட்டார்கள். பெந்தா ம்பாய் என்ற சமையல்காரியின் பெயரை இதற்குச் சொல்வார்கள், இன்றும் அந்தச் சிவப்புச் சோற்றை அவர் பெயரிட்டு அழைப்பவர்கள் உண்டு. 2021ல் யுனெஸ்கோ செபு ஜென்னை மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நொய் வாங்குவது இன்றும் நிற்கவில்லை, அதில் இந்தியாவுக்கும் பெரிய பங்கு உண்டு. 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது செனகல் சந்தை தவித்தது. அடுத்த ஆண்டு செனகலுக்கென்று தனி விலக்கு கொடுக்க வேண்டியிருந்தது. இன்னும் பழைய உறவு ஒன்றும் உண்டு. புதுச்சேரியிலும் சுற்றுப்புறத்திலும் நெய்து நீலச்சாயம் போட்ட பருத்தித் துணி, பிரெஞ்சுக் கப்பல்களில் ஏறி சான் லூயிக்குப் போனது. செனகல் ஆற்றங்கரையில் வேலம்பிசின் வாங்குவதற்கு அந்தத் துணியையே காசுபோலக் கொடுத்தார்கள். நம் நெசவாளர் கையில் உருவான துணி அங்கே நாணயமாகப் புழங்கியிருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு அந்தத் தட்டின் முன் உட்காருங்கள், நொய் உங்களுக்கு வேறு மாதிரி தெரியும்.

சரி, எண்ணெய். அதையும் சமைக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் புரிந்துவிடும். மீனைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டிலும் குழி எடுத்து, பார்ஸ்லி, பூண்டு, மிளகாய், வெங்காயத்தாள் இடித்த விழுதை அதற்குள் திணிப்பார்கள். அந்த விழுதுக்கு ரொஃப் என்று பெயர். மீனைப் பொரித்து எடுத்துவிட்டு அதே எண்ணெயில் வெங்காயமும் தக்காளி விழுதும் போட்டு, விழுது கருஞ்சிவப்பாகிற வரைக்கும் பொறுமையாக வதக்குவார்கள். அப்புறம் தண்ணீர், மரவள்ளி, கேரட், முட்டைகோஸ், கத்தரி, பூசணி, கசப்பான ஒரு குட்டிக் கத்தரி. இவற்றோடு கெஜ் என்கிற கருவாடு, யெட் என்கிற புளிக்கவைத்த கடல்நத்தை, நெதேது என்கிற புளிக்கவைத்த விதை. புளியும் உண்டு. காய்கள் வெந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, பானைக்கு மேலேயே நொய்யை ஆவியில் கொஞ்சம் வேகவைத்து, கடைசியில் அந்தச் சாற்றுக்குள் போட்டு மூடிவிடுவார்கள். ஆக, நீங்கள் பார்த்த எண்ணெய் மீன் பொரித்த எண்ணெய், அந்த ருசியைச் சோற்றுக்குக் கடத்துவதே அதுதான். எண்ணெய் குளமாக நின்றால் அது சமைத்தவர் தவறு, குறை சொல்லலாம். மணிகள் பளபளவென்று இருப்பது தவறே இல்லை.

அடுத்த முறை பரிமாறும்போது பானை அடியில் பிடித்த காந்தலைக் கேளுங்கள். அதற்கு கோஞ் என்று பெயர். கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும். எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

நியூயார்க், குயின்ஸிலிருந்து ஒரு வாசகி: நாங்கள் சுத்த சைவம். எங்களுக்கு அங்கே ஏதாவது கிடைக்குமா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டம்தான். பாத்திரத்தில் துண்டு தெரியாவிட்டாலும் சாற்றில் மீனோ கறியோ இருக்கும். செபு ஜென்னிலிருந்து மீனை எடுத்துவிட்டால் சைவமாகிவிடாது, சோறே மீன்சாற்றில் வெந்தது. மாஃபே நிலக்கடலைக் குழம்புதான், ஆனால் கறியோடு கொதித்தது. யாஸாவின் வெங்காயமும் கோழி ஊறின சாற்றிலேயே வதங்கியது. "கறி இல்லாமல் கொடுங்கள்" என்றால் துண்டுகளை ஒதுக்கிவிட்டு மனதார உபசரித்துக் கொடுப்பார்கள், அவர்கள் பார்வையில் அது சைவம், உங்கள் பார்வையில் இல்லை. அதனால் "எதோடு சேர்த்துக் கொதித்தது?" என்று கேட்க வேண்டும்.

மிஞ்சுவது: தட்டைப்பயற்றை அரைத்துப் பொரித்த அக்கரா (மீன் பொரித்த அதே எண்ணெயா என்று கேட்டுக்கொள்ளுங்கள்), பழுத்த பெரிய வாழைக்காய் பொரியல், தட்டைப்பயற்றுக் குழம்பு நிடாம்பே (சில இடங்களில் கறியும் போடுவார்கள், எல்லா இடத்திலும் இல்லை), கம்பு உருண்டைச் சோற்றில் இனிப்புத் தயிர் கலந்த சாக்ரி. சாக்ரி மட்டுமே போதும் என்று நான் சொல்வேன். தயிரும் சிறுதானியமும் சர்க்கரையும், சில இடங்களில் ஜாதிக்காய் வாசனையும். சாப்பாடு வேறு எங்காவது முடித்துவிட்டு சாக்ரிக்காகவும் பிஸாப் என்கிற சிவப்புப் பானத்துக்காகவும் அந்தக் கடைக்குப் போய் உட்கார்ந்தாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

எடிசனிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. அழைத்துப் போகலாமா?

ஒவ்வாமை கடுமையானது என்றால் போகாதீர்கள். குழம்புகளில் கடலை, பல கடைகளில் பொரிப்பதும் கடலை எண்ணெயில்தான். ஒரே அடுப்பு, ஒரே கரண்டிகள். கடலையால் பொருளாதாரமே நடந்த நாட்டின் சமையலறை அது, அங்கே கடலை படாத மூலை இருக்கும் என்று நம்பி ஒரு பிள்ளையை உட்கார வைக்க முடியாது.

பாரிஸ், லா ஷாப்பெலிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் தமிழ்க் கடைத் தெருவிலிருந்து நடந்தால் ஷாத்தோ ரூஜ். அங்கே ஒரு செனகல் கடைக்கு நண்பர்கள் ஐந்து பேர் போனோம். நடுவில் ஒரே ஒரு பெரிய தாம்பாளத்தை வைத்துவிட்டு, கரண்டிகள் மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். எச்சில் பத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. என்ன முறை?

உங்களை வீட்டு மனிதர்களாக நினைத்து வைத்திருக்கிறார்கள் அண்ணா, முதலில் அதற்குச் சந்தோஷப்படுங்கள். பெரும்பாலான கடைகளில் கேட்காமல் அப்படி வைக்க மாட்டார்கள், ஆளுக்கொரு தட்டுதான். தனித்தட்டு கேட்டாலும் யாரும் மனம் கோணமாட்டார்கள், அதனால் சங்கடம் இருந்தால் தயங்காமல் கேட்டுவிடுங்கள்.

பகிர்ந்து சாப்பிடுவதென்றால் அதற்குக் கண்டிப்பான ஒழுங்கு உண்டு, அந்த ஒழுங்கைத் தெரிந்துகொண்டால் எச்சில் பயம் பெருமளவு போய்விடும். தாம்பாளத்தில் உங்கள் முன்னால் இருக்கும் பங்கு மட்டுமே உங்களுடையது. அதற்குள்ளேயே ஓரத்திலிருந்து உள்ளே சாப்பிட்டுக்கொண்டு போக வேண்டும், பக்கத்தவர் எல்லைக்குள் கை நீளக் கூடாது, நடுவில் இருக்கும் மீனையோ மரவள்ளியையோ எட்டி எடுக்கவும் கூடாது. வீட்டுப் பெண்மணியோ மூத்தவரோ நடுவிலிருந்து பிய்த்துப் பிய்த்து ஒவ்வொருவர் முன்னாலும் வைப்பார்கள். விருந்தாளி பக்கம் நல்ல துண்டு வந்துகொண்டே இருக்கும், கேட்க வேண்டியதே இல்லை. கையால் சாப்பிடுவதென்றால் வலது கை, கையைக் கழுவிவிட்டு. கரண்டியும் வழக்கம்தான். குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே இதைச் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறார்கள்: கண் தாம்பாளத்திலே இருக்கட்டும், அவசரப்படாதே, மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு தின்னாதே. உங்களுக்குப் போதுமென்றால் கரண்டியை வைத்துவிட்டு எழுந்துவிடலாம், கடைசி ஆள் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பங்கில் கொஞ்சம் மிஞ்சினால் தவறில்லை.

நீங்கள் ஐந்து பேர், யார் பிய்த்து வைப்பது என்று கேட்பீர்கள். உங்களில் மூத்தவர் செய்யட்டும். அந்த ஒரு வேலையை ஒருவர் ஏற்றுக்கொண்டதும் அந்தத் தட்டுக்கு ஒரு குடும்பம் அமைந்துவிடுகிறது, எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த விஷயம் அது.

இன்னொன்று. உள்ளே நுழைந்ததும் நேராக ஆர்டர் சொல்லாதீர்கள். முதலில் சலாம், அப்புறம் எப்படி இருக்கிறீர்கள், வீட்டில் எல்லாரும் நலமா என்று விசாரிப்பு, பிறகுதான் சாப்பாட்டுப் பேச்சு. பாரிஸில் பிரெஞ்சிலேயே கேளுங்கள், போதும். கிளம்பும்போது "ஜெரெஜெஃப்" என்று நன்றி சொன்னால் சமையலறைக்குள்ளிருந்தே யாராவது பதில் சொல்வார்கள்.

அதே ஷாத்தோ ரூஜ் பக்கத்திலிருந்து இன்னொருவர்: சோற்றின் மேல் ஒரு முழு மிளகாய் வைத்திருந்தார்கள். நாம்தான் காரம் சாப்பிடுகிற ஆட்களாயிற்றே என்று கடித்துவிட்டேன்...

அது கானி, உருண்டையாகச் சுருங்கிய, வாசனையான மிளகாய். கடிப்பதற்கல்ல. கரண்டி முனையால் மெல்ல அழுத்தி, கசியும் சாற்றைச் சோற்றில் தடவிக்கொண்டு மிளகாயை ஓரத்தில் வைத்துவிட வேண்டும். அதன் வாசனை பழவாசனை, காரத்தைவிட அதுதான் முக்கியம். தண்ணீர் குடிக்காதீர்கள், வெறும் சோறு சாப்பிடுங்கள்.

பிராங்க்ஸிலிருந்து ஒரு வாசகர்: ஒரு வெள்ளிக்கிழமை மதியம் குடும்பத்தோடு போய் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பரிமாறுகிறவரையே காணோம். ஒற்றை நட்சத்திரம் போட்டுவிடலாமா என்று இருக்கிறது.

தயவுசெய்து போடாதீர்கள். வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகை. கடைக்காரர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், போய்த் தொழுதுவிட்டு வருவார்கள். இரண்டரை மணிக்கு மேல் போனால் பானையும் நிறைந்திருக்கும், கடையும் நிறைந்திருக்கும். ரமலான் மாதத்தில் பகலில் அடுப்பே எரியாமல் இருக்கலாம், நோன்பு திறந்த பிறகு போங்கள். தியாகத் திருநாளன்று, அவர்கள் தபாஸ்கி என்பார்கள், மூடியிருந்தால் வியப்பில்லை. ஜூலை 28 அன்று ஹார்லெமில் செனகலின் சூஃபி ஞானி அமாது பாம்பா நினைவு ஊர்வலம் நடக்கும், அன்றைக்குக் கூட்டம் தாங்காது. கடையில் மதுவும் பொதுவாக இருக்காது, கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

இதெல்லாம் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையிலும் உங்களை முக்கால் மணி நேரம் கவனிக்காமல் விட்டார்கள் என்றால் அதைச் சொல்லுங்கள், நேரில் சொல்லுங்கள். நாலு மேசையும் ஒரு அடுப்பும் வைத்து நடத்தும் குடும்பத்துக்கு, முகம் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தை சரிசெய்துகொள்ள உதவும். இணையத்தில் விழும் நட்சத்திரம் வாடகையைத்தான் பாதிக்கும்.

நியூயார்க், புரூக்ளினிலிருந்து ஒரு வாசகி: சிவப்பாக ஒன்று, பால் மாதிரி வெள்ளையாக ஒன்று, ஃபிரிட்ஜில் பழைய பாட்டில்களில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். என்ன அவை? நம்பிக் குடிக்கலாமா?

குடிக்கலாம், அன்றன்றைக்கு அவர்களே போடுவது. சிவப்பு பிஸாப். புளிச்சக்கீரை இனத்துச் செடியின் பூவைச் சுற்றியிருக்கும் சிவந்த மடல்களைக் காயவைத்து, ஊறவைத்து, சர்க்கரையும் புதினாவும் போட்டது. புளிப்பும் இனிப்புமாக, எண்ணெய்ச் சோற்றுக்கு மிகவும் பொருந்தும். சர்க்கரை தாராளமாக இருக்கும், நீரிழிவு உள்ளவர்கள் ஒரு வாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளை பூய். பாவோபாப் மரத்தின் காயை உடைத்தால் உள்ளே விதைகளைச் சுற்றிக் காய்ந்த மாவு இருக்கும், அதைக் கரைத்து வடிகட்டிப் பாலும் சர்க்கரையும் சேர்த்தது. மன்னாரிலும் ராமநாதபுரத்துக் கடலோரத்திலும் பெருக்கமரம், பொந்தன்புளி என்று பிரம்மாண்டமாக நிற்கிறதே, அதே மரம்தான். நம் பக்கம் அதைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம், அவர்கள் அதன் இலையையும் காயையும் தினசரி சமைக்கிறார்கள். செனகல் நாட்டின் சின்னத்திலேயே அந்த மரம் இருக்கிறது. கெட்டியாக, புளிப்பாக, வயிற்றுக்கு இதமாக இருக்கும். இரண்டில் ஒன்று என்றால் நான் பூய்தான் சொல்வேன். இஞ்சிச்சாறும் வைத்திருப்பார்கள், அது தொண்டையைப் பிடிக்கும், ஜலதோஷக்காரர்களுக்கு நல்லது.

காப்பிப் பிரியர்கள் கஃபே தூபா கேளுங்கள். காப்பிக்கொட்டையோடு ஜார் என்கிற ஆப்பிரிக்க மிளகு வகையையும் வறுத்து அரைத்தது, சுக்குக்காப்பி குடித்துப் பழகியவர்கள் முதல் வாயிலேயே ஏற்றுக்கொள்வார்கள். 1887ல் தூபா நகரை நிறுவிய சூஃபி ஞானி அமாது பாம்பாவின் வழிவந்தவர்கள் பரப்பிய பானம் அது. கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில் சின்னக் கெட்டிலில் பச்சைத் தேநீர் காய்ச்சி உயரத்திலிருந்து ஆற்றிக்கொண்டிருந்தால், அது அத்தாயா. மூன்று சுற்று வரும். முதலாவது கடுங்கசப்பு, மூன்றாவது வெறும் இனிப்பு. அவர்கள் நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மூன்றும் முடிய ஒரு மணி நேரம்கூட ஆகும், பார்க்கிங் மீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நியூ ராஷெலிலிருந்து ஒரு வாசகர்: ஆப்பிரிக்க உணவகத்தின் மெனுவில் வியட்நாம் ஸ்பிரிங் ரோல் எப்படி வந்தது?

நெம் என்று போட்டிருக்குமே, அதுவா? பிரெஞ்சு ராணுவத்தில் செனகல் வீரர்கள் இந்தோசீனப் போருக்குப் போனார்கள். 1954ல் போர் முடிந்து திரும்பும்போது பலர் வியட்நாமிய மனைவிகளோடு செனகலின் தலைநகர் டக்காரில் வந்து இறங்கினார்கள். அந்தப் பெண்கள் சந்தையில் விற்ற சுருள் இன்று செனகல் கல்யாண வீடுகளில் மீன் திணித்துப் பொரித்த பாஸ்டெல்லுக்குப் பக்கத்தில் அடுக்கப்படுகிறது. அதனால் அது மெனுவில் ஒட்டுச்சரக்கு இல்லை, தயங்காமல் வாங்குங்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி: மாமியார், பத்து வயதுப் பையன், நான், கணவர். யாருமே இதுவரை ஆப்பிரிக்கச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. முதல் முறை என்ன வாங்கலாம்? பெரிய சமையற்கலைஞர்கள் நடத்தும் நவீன ஆப்பிரிக்க உணவகத்தில் ஆரம்பிப்பது நல்லதா?

மாமியாருக்கு யாஸா. பயமுறுத்தும் எதுவும் அதில் இல்லை. காசமான்ஸ் பகுதியிலிருந்து வந்தது, கோழியையோ மீனையோ எலுமிச்சைச் சாறு, கடுகு விழுது, பூண்டு, மலையளவு வெங்காயத்தில் இரவு முழுக்க ஊறவைத்து, கோழியைச் சுட்டெடுத்து, வெங்காயத்தை மெல்ல மெல்ல வதக்கி ஒன்றாகச் சேர்ப்பார்கள். வெள்ளைச் சோற்றோடு வரும். வெங்காயம் நன்றாகக் குழைந்து புளிப்பும் இனிப்புமாக இருந்தால் நல்ல கடை, வெங்காயம் நறுக்கென்று கடிபட்டால் அவசரக் கடை.

பையனுக்கு மாஃபே. கடலைக் குழம்பு எந்தக் குழந்தைக்கும் பிடிக்கும், அதில் ஆட்டுக்கறி மிருதுவாக வெந்திருக்கும். மாலி நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த குழம்பு. மிகவும் கனமானது, பையன் ஒரு தட்டை முடிக்க மாட்டான், நீங்களும் சேர்ந்து சாப்பிடுவீர்கள்.

நீங்களும் கணவரும் செபு ஜென் ஒன்றைப் பகிருங்கள். நாலு பேரும் நாலு தட்டு வாங்க வேண்டாம், மூன்றே அதிகம்.

பெரிய உணவகங்கள் பற்றி: டக்காரில் பிறந்து நியூயார்க்கில் புகழ்பெற்ற பியர் தியாம் போன்றவர்கள் செய்திருப்பது மதிக்கத்தக்க காரியம். ஃபோனியோ என்கிற, மணல்போன்ற சிறுதானியத்தை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. மழை குறைந்த, சத்தில்லாத நிலத்திலும் சில வாரங்களில் விளையும் தானியம் அது. வரகும் சாமையும் சாப்பிட்ட வீடுகளுக்கு அந்த முயற்சியின் அருமை புரியும். அங்கேயும் போங்கள். ஆனால் முதல் முறை தெருக்கடைக்கே போங்கள் என்பதுதான் என் பதில். அன்றைக்குப் பானையில் இருப்பதை அவர்கள் தாங்களும் சாப்பிடுகிறார்கள், உங்களுக்கும் அதையே வைக்கிறார்கள். அந்தச் சாப்பாட்டை முதலில் தெரிந்துகொண்டால், பெரிய இடத்தில் அதை எப்படி மாற்றியிருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

ஹார்லெம் வாசகியே இன்னொரு கடிதத்தில்: பார்சல் வாங்கினால் எது தாங்கும்?

மாஃபே நன்றாகத் தாங்கும், மறுநாள் ருசி கூடும். யாஸாவும் அப்படியே. செபு ஜென்னில் சோறு தாங்கும், மீன் தாங்காது, அதனால் மீனை அன்றைக்கே முடித்துவிட்டு சோற்றை மட்டும் வையுங்கள். மூடி போட்ட பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சூடாக்கினால் நொய் மறுபடி மலர்ந்துவிடும். காந்தலைத் தனிப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், சோற்றோடு கலந்தால் நமுத்துவிடும். இரவில் கிடைக்கும் டிபியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். தணலில் சுட்ட அந்த ஆட்டுக்கறியை வெட்டி, வெங்காயமும் கடுகு விழுதும் வைத்துக் காகிதத்தில் கொடுப்பார்கள், ஆறினால் கொழுப்பு உறைந்துபோகும். அங்கேயே நின்றாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.